தண்ணீர் முதலிலேயே ஊற்றியாகிவிட்டது

1

அன்புள்ள பிள்ளைகளே,

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று உங்கள் டீச்சர் போனில் கேட்டார். நான் பத்தாவது படித்து, புதுக்கோட்டையில் ஐ.டி.ஐ. முடித்தவன். மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். ஒட்டகத்தையும் பாலைவனத்தையும் உயரமான கட்டடங்களையும் நீங்கள் செல்போனிலேயே பார்த்திருப்பீர்கள். அதனால் போன வெள்ளிக்கிழமை எங்கள் காருக்குள் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. பூசையும் மறைக்கல்வியும் அன்றைக்குத்தான். நம் கத்தோலிக்கக் கோவில் வளாகத்துக்குள் போனால் மலையாளமும் கொங்கணியும் தமிழும் பிலிப்பைன்ஸ்காரர்கள் பேச்சும் கலந்து கேட்கும். மறைக்கல்வி மட்டும் ஆங்கிலத்தில். என் மகள் ஜெசி இந்த வருடம் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தயாராகிறாள். செபங்களைத் தமிழில் சொல்லச் சொன்னால் பாதியில் விழிப்பாள். ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பிப்பாள். நானும் என் மனைவி செல்வியும் அவளுக்கு நேர்மாறு. வீட்டில் மூவரும் முழங்கால் போட்டால் இரண்டு மொழியில் செபம் நடக்கும்.

அன்றைக்கு வகுப்பு முடிந்து பின் சீட்டில் ஏறியவள் வாயைத் திறக்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"டாடி, எனக்கு வாட்டர் ஊத்துன போட்டோ ஏன் இல்ல?"

அவரவர் திருமுழுக்குப் போட்டோவை ஒட்டி ஒரு சார்ட் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் தலையில் தண்ணீர் விழுகிற போட்டோவை வைத்திருந்தார்கள். எங்கள் ஆல்பத்தில் வெள்ளை அங்கி இருக்கிறது, மெழுகுவர்த்தி இருக்கிறது, பங்குச் சாமியார் தைலம் பூசுவது இருக்கிறது. தண்ணீர் மட்டும் இல்லை. பக்கத்துப் பிள்ளை ஒன்று அதைக் கண்டுபிடித்து, அப்படியென்றால் நீ இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை, உனக்குப் புதுநன்மை கிடையாது என்று சொல்லிவிட்டது.

முன் சீட்டில் இருந்த செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று நான் வண்டியை எடுத்தேன். வீட்டில் அவளுக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் எழுதுகிறேன்.

2

திருமுழுக்கு யார் கொடுக்கலாம் என்று பரீட்சையில் கேட்டால் நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆயர், குரு, திருத்தொண்டர். உயிருக்கு ஆபத்து என்றால் யாரும். நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். எங்கள் காலத்தில் ஒரு சிஸ்டர், மனப்பாடம் போதாது, கையில் வரவேண்டும் என்று உரித்த தேங்காயைக் கொண்டுவந்து குழந்தை என்றார். தேங்காயின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, 'தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்' என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டும். நான் அவசரத்தில் டம்ளரை முழுக்கக் கவிழ்த்துவிட்டு, பிறகு வார்த்தையைச் சொன்னேன். "ஒன் பிள்ளை குளிச்சிருச்சு, அவ்வளவுதான். மறுபடி செய்" என்றார் சிஸ்டர். வகுப்பே சிரித்தது. தண்ணீரும் வார்த்தையும் சேர்ந்து வரவேண்டும், தண்ணீர் தலையில் ஓட வேண்டும் என்பது அன்றைக்குப் பதிந்ததுதான். செல்வியும் பக்கத்து ஊரில் அதே பாடத்தைப் படித்தவள்.

ஜெசி ஏழாம் மாதத்திலேயே இங்கே மஸ்கட்டில் பிறந்துவிட்டாள். உள்ளங்கையில் அடங்குவாள் என்று செல்வி சொன்னாள், நான் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த அறைக்குத் தாய் மட்டும்தான் போகலாம். வாசலில் இருந்த காவலரிடம் எனக்குத் தெரிந்த அரபி, இந்தி, மலையாளம் எல்லாவற்றையும் கலந்து கெஞ்சினேன். "மாஃபி" என்றார். இல்லை, கிடையாது, கூடாது எல்லாவற்றுக்கும் இங்கே அந்த ஒரு சொல்தான். ஒப்பந்தத்தில் ஏ.சி. பார்க்க வந்திருந்தால் அதே கதவைத் திறந்து உள்ளே விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மதியம் செல்வி வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. பிள்ளை மூச்சு விட மறந்து மறந்து போகிறதாம், டாக்டர்கள் சுற்றி நின்றார்களாம், இப்போது பரவாயில்லையாம். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

பிள்ளை பிழைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏறியது. அதன் பிறகு காகிதத்தோடு போராட்டம். ஆஸ்பத்திரியில் 'செல்வியின் குழந்தை' என்று எழுதியதைப் பெயராக்கி, என் பெயரை இனிஷியலாக வைப்பதா குடும்பப் பெயராக வைப்பதா என்று அலைந்து, பாஸ்போர்ட் வாங்கினோம். திருமுழுக்குக் கொடுக்கத் தடையில்லை என்று இங்குள்ள பங்குக் கோவிலிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்று ஊரில் கேட்டார்கள், அதையும் வாங்கினோம். செல்வியும் எல்லா இடத்துக்கும் என் கூடவே வந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

3

ஊரில் எங்களுக்கு முன்னாலேயே ஏற்பாடு தொடங்கியிருந்தது. செல்வியின் அண்ணன் சூசைராஜ், எனக்கு மச்சான். அடுத்த ஊர்தான், நம் பங்குதான். கடலை விவசாயம், சொந்தமாக ஒரு லோடு வண்டி. அவருக்கும் அவர் மனைவி லூர்து அக்காவுக்கும் பிள்ளை இல்லை. கல்யாணமாகி நெடுங்காலம் ஆகிவிட்டது. செல்வி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே போனில், "ஞானத்தகப்பன் நான்தான் மாப்ள, வேற யாருக்கும் வாக்குக் குடுத்துராதீங்க" என்றார். வேறு யாரைக் கேட்கப் போகிறோம்.

பிள்ளையோடு ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே ஃபிளெக்ஸ். திருக்கோகர்ணத்தில் கொடுத்து அடித்திருக்கிறார். நடுவில் ஜெசி கொட்டாவி விடுகிறாள். பக்கத்தில் மச்சான் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கை கூப்புகிறார். 'ஞானத்தந்தை' என்ற எழுத்து பிள்ளையின் பெயரைவிடப் பெரிது. பந்தலைக் கொடும்பாளூர் கருப்பையா ஏற்றிருந்தார். மச்சானோடு சின்ன வயதிலிருந்து பழகியவர். இந்து. எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவர்தான் பந்தல். "யாருக்குய்யா ஞானஸ்நானம், பிள்ளைக்கா ஒங்க மச்சானுக்கா?" என்று என்னைக் கேட்டார். மச்சானே சிரித்தார்.

வெள்ளை அங்கி, தங்கச் செயின், மெழுகுவர்த்தி எல்லாம் மச்சான் தாய்மாமன் சீராக வாங்கி பீரோவில் வைத்திருந்தார். சாமி தண்ணீர் ஊற்றும்போது பிள்ளையை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று லூர்து அக்காவிடம் தலையணையை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். கழுத்துக்குக் கீழே இடது கை, தலை கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும் என்று. அதைப் பார்த்த செல்வி எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

வியாழக்கிழமை மாலை பெற்றோருக்கும் ஞானப் பெற்றோருக்கும் கோவிலை ஒட்டிய சாமியார் பங்களாவில் வகுப்பு. பங்குச் சாமி நிதானமானவர். திருமுழுக்கு என்றால் என்ன, நாம் என்ன வாக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் வழக்கமாக எல்லாரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். குழந்தை பிறந்தப்போ ஆபத்துன்னு யாராச்சும் தண்ணி ஊத்துனாங்களா?

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நான் ஊத்தினேன், சாமி" என்றாள் செல்வி.

4

சாமி கோபப்படவில்லை. சரிம்மா, நல்லதுதான் செஞ்சிருக்கீங்க என்றார். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்து விளக்கினார். அது முறைப்படி நடந்திருந்தால் பிள்ளை திருமுழுக்குப் பெற்றுவிட்டது. மறுபடி ஊற்ற அவருக்கே அதிகாரம் கிடையாது. ஆயர் வந்தாலும் கிடையாது. பிள்ளையைக் கோவிலில் வரவேற்று, தைலம் பூசி, வெள்ளை அங்கியும் விளக்கும் கொடுத்து, விட்டுப்போன மற்றச் சடங்குகளைச் செய்யலாம். ஞானத்தந்தை அதற்கும் வேண்டும். தண்ணீர் மட்டும் கிடையாது. நடந்தது முறைப்படிதானா என்று உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், ஒருவேளை நீ இன்னும் பெறவில்லை என்றால் என்று சேர்த்துச் சொல்லி ஊற்றலாம். அந்தச் சந்தேகம் நிசமாக இருக்க வேண்டும், யாரையும் திருப்திப்படுத்த இருக்கக் கூடாது.

"நல்லா யோசிச்சு சனிக்கிழமை வந்து சொல்லுங்கம்மா" என்று அனுப்பினார்.

வெளியே வந்து மச்சான் எங்களுக்கு முன்னால் லோடு வண்டிக்கு நடந்தார். வண்டியில் ஏறியதும் என்னிடம் கேட்டார், ஒங்களுக்கும் தெரியாதா மாப்ள என்று. தெரியாது என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் பொழுது விடிவதற்குள் செய்தி இரண்டு ஊரும் சுற்றிவிட்டது. வெளிநாட்டிலேயே எல்லாத்தையும் முடிச்சிட்டு இங்கிட்டு சோறு போட மட்டும் வந்திருக்காங்க என்று ஒரு பேச்சு. ஆஸ்பத்திரியில் ஊற்றியது யாரோ, ஞானத்தகப்பனும் அங்கேயே யாரோ என்று இன்னொரு பேச்சு. கருப்பையா கீற்றைக் கட்டிக்கொண்டே, "ரெண்டாவது தரம் ஊத்துனா பிள்ளைக்குச் சளியா புடிச்சிரும், பேசாம ஊத்திவிட்டுப் போங்கய்யா" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் கயிற்றை இழுப்பதில் மும்முரமாகிவிட்டார்.

மத்தியானம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளை கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன், வாங்கவில்லை. செல்விக்கு எதிரே உட்கார்ந்தார்.

"பொய் சொல்லச் சொல்லலத்தா. சரியா ஞாபகம் இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. பயத்துல இருந்திருப்ப. யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

செல்வி தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். அவர் தூங்கும் பிள்ளையைப் பார்த்தார்.

"எனக்குன்னு பிள்ளை இல்ல. ஒரு பிள்ளைய என் கையில வச்சுத் தண்ணி ஊத்துற ஒரு நேரம், அதுதான் கேட்டேன். அதையும் நீயே எடுத்துக்கிட்டியா?"

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. கொஞ்சம் யோசித்துப் பார் என்று நானும் மெதுவாகச் சொன்னேன். செல்வி என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அன்னைக்கு இவ செத்துப்போயிருந்தா, அந்தத் தண்ணிய நம்பித்தானண்ணே நான் உசுரோட இருந்திருப்பேன். பொழைச்சிட்டாங்கிறதுக்காக, அது தண்ணியே இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன்?"

மச்சான் எழுந்து போய்விட்டார். வண்டியைக் கிளப்பும் சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று அதன் பிறகு கேட்டேன். சொன்னால், பிள்ளை போய்விடும் என்று அவள் நினைத்தது எனக்குத் தெரிந்துவிடுமாம். அதைச் சொல்லிவிட்டால் நடந்துவிடுமோ என்று பயம் என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தபோது நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு அவளிடம் சொல்லாமல் இருந்தேன்.

5

இந்த இடத்தில் ஜெசி குறுக்கிட்டாள். ஐஸ்கிரீம் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, மாமா பாவம்தானே, அம்மா ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாமே என்றாள். இங்கே பள்ளியில் அதற்கு ஒரு பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போல, யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்று ஏதோ ஆங்கிலத்தில் சொன்னாள்.

இந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பதில் சொல்வது கஷ்டம். அவர்கள் கேள்வி ஒரு மொழியில் பிறக்கிறது, நம் பதில் இன்னொரு மொழியில் கிடக்கிறது. கடைசியில், அந்தப் பொய்யை யாரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது தெரியுமா, உன்னைப் பற்றி என்றேன். நீ போகப்போகிறாய் என்று நினைத்த நேரத்தில் உனக்குக் கொடுத்ததை, கொடுக்கவே இல்லையோ என்னவோ என்று சொல்ல வேண்டும். உன் அம்மாவால் அது முடியவில்லை.

ஜெசி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அப்புறம் என்று கேட்டாள். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

6

சனிக்கிழமை பங்களாவுக்கு நாங்கள் இருவரும் போனோம். மச்சான் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்திருந்தார். நாற்காலியில் உட்காராமல் கதவோரம் நின்றார். லூர்து அக்காதான் உட்கார்ந்தார்.

சாமி செல்வியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன தண்ணீர்? குடிக்கிற பாட்டில் தண்ணீர். எதில் ஊற்றினீர்கள்? பாட்டில் மூடியில். என்ன பெயர் சொன்னீர்கள்? செல்வி தடுமாறினாள். அப்போது பெயர் வைக்கவில்லை, என் பிள்ளை என்றுதான் சொன்னேன் என்றாள்.

"பேரே இல்லாம என்ன ஞானஸ்நானம், சாமி?" என்று கதவோரமிருந்து மச்சான் கேட்டார்.

பெயர் இல்லாவிட்டாலும் குறையில்லை, தண்ணீரும் வார்த்தையும்தான் முக்கியம் என்றார் சாமி. பிறகு செல்வியிடம், வாயால் சொன்னது போதும், எப்படிச் செய்தீர்கள் என்று செய்து காட்டுங்கள் என்றார். மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். தன் துண்டைச் சுருட்டிப் பிள்ளை மாதிரி அதன் முன்னால் வைத்தார்.

செல்வி மூடியில் தண்ணீரை நிரப்பினாள். நேராகத் துண்டின் மேல் ஊற்றுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவள் அப்படிச் செய்யவில்லை. தோளை ஒருபக்கம் சாய்த்தாள். கையை நீட்டி, முழங்கையை உள்பக்கமாக மடக்கி, இல்லாத ஒரு ஓட்டைக்குள் கையை நுழைப்பது மாதிரிக் கொண்டுபோனாள். அங்கே கண்ணாடிப் பெட்டியில் கை விடும் அளவுக்கு ஒரு வட்ட ஜன்னல்தான் இருக்கும். மூடி எதிலும் இடிக்காமல், ஒரு சொட்டும் சிந்தாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு கொண்டுபோனாள். துண்டின் மேல் வந்ததும் மூடியை மெல்லச் சாய்த்தாள். சாய்க்கும்போதே, "தந்தை, மகன்" என்று உதடு தொடங்கிவிட்டது. முழுவதையும் சொன்னாள். மூன்று தரம் சாய்த்தாள், மூன்று தரமும் வார்த்தை கூடவே வந்தது.

"நெத்தியில விழுந்து காதுக்குப் பின்னால ஓடுச்சு, சாமி. துணி நனைஞ்சிருச்சு. நர்ஸம்மா பாத்துக்கிட்டுத்தான் நின்னாங்க. அவங்க வேற வேதம். ஒண்ணும் கேக்கல. நனைஞ்ச துணிய உருவிட்டு வேற துணி போட்டாங்க."

கையை அவள் உடனே எடுக்கவில்லை. அந்த இல்லாத ஜன்னலுக்குள்ளேயே வைத்திருந்தாள். லூர்து அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"போதும்மா" என்றார் சாமி. "எனக்குச் சந்தேகம் இல்ல. நாளைக்கு நான் தண்ணி ஊத்த மாட்டேன்."

திரும்பிப் பார்த்தால் கதவோரம் மச்சான் இல்லை. வண்டிச் சத்தமும் கேட்கவில்லை. நடந்தே போயிருக்கிறார்.

7

அன்று மாலை முழுவதும் அவர் போன் அணைந்திருந்தது. லூர்து அக்காவுக்கும் தெரியவில்லை. கருப்பையா வந்து, பந்தலை என்ன செய்வது என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். அரிசியும் ஆடும் மச்சான் வீட்டில், அங்கியும் செயினும் மச்சான் பீரோவில். வேறு ஒருவரை ஞானத்தந்தையாக நிறுத்தலாம் என்று உறவில் ஒருவர் சொன்னார். செல்வி முடியாது என்று தலையசைத்தாள். அண்ணன் வராவிட்டால் லூர்து அக்கா மட்டும் நிற்கட்டும், ஒருவர் இருந்தாலும் போதும் என்று சாமி சொல்லியிருக்கிறார் என்றாள். சொல்லிவிட்டுத் தைரியமாகத்தான் இருந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது மட்டும் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

ஞாயிறு காலையில் இரண்டாவது மணி அடித்தபோது நாங்கள் கோவில் வாசலில் நின்றோம். பிள்ளை என் கையில். ஒரு பழைய வெள்ளைத் துணியில்தான் சுற்றியிருந்தோம். கூட்டம் நிறைய. பூசைக்கு வந்தவர்களைவிட என்ன நடக்கப்போகிறது என்று பார்க்க வந்தவர்கள் அதிகம். சாமி வாசலுக்கு வந்து நின்றார். என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாமா என்று கேட்பது மாதிரி இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கூட்டம் விலகியது. மச்சான் வந்தார். புது வேட்டி, புதுச் சட்டை, கையில் அங்கிப் பை. தூங்காத கண். செல்வியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பையை லூர்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, என் கையிலிருந்து பிள்ளையை வாங்கினார். கழுத்துக்குக் கீழே இடது கையைக் கொடுத்து ஏந்திக்கொண்டார்.

சாமி கூட்டத்தைப் பார்த்து, இன்றைக்கு ஏன் தண்ணீர் ஊற்றப்போவதில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி எங்களிடம் கேட்டார்.

"இந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே திருமுழுக்குக் கொடுத்தது யாரு?"

தகப்பன் நான்தான் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். தொண்டையைச் செருமினேன்.

"என் தங்கச்சி, சாமி" என்றார் மச்சான்.

கடைசியில் நின்றவருக்கும் கேட்டிருக்கும். கூட்டத்தில் எங்கோ கருப்பையா இருமினார்.

"சரி. பிள்ளைய உள்ள கொண்டாங்க" என்று சாமி திரும்பி நடந்தார். மச்சான் பிள்ளையோடு பின்னால் போனார். வாசற்படியில் ஒரு நொடி நின்று, செல்வி பக்கத்தில் வரட்டும் என்று காத்திருந்தார். அவள் போய்ச் சேர்ந்துகொண்டாள். நான் அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன்.